ஓர் அங்குலக் காற்று

லெமுய் தீவு
27 டிசம்பர் 1966

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

நானும் மகள் செலிந்தாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும், கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கரை மறுபடி சரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மழையில் கோழிக்கூடு நின்ற இடம் கடலுக்குள் போய்விட்டது. கோழிகளை முன்னாலேயே எடுத்துவிட்டேன், பயப்பட வேண்டாம். நீங்கள் அக்டோபரில் ஆட்டு ரோமம் கத்தரிக்க மகயானஸுக்குக் கப்பல் ஏறியபோது வாசற்படிக்கும் கரை விளிம்புக்கும் நடுவே இருபது அடி இருந்தது. இப்போது ஒன்பது. நீங்கள் ஏப்ரலில் வரும்வரை காத்திருந்தால் நம் கட்டிலில் மீன்தான் படுத்திருக்கும்.

அதனால் வீட்டை அப்படியே மேட்டுக்கு இழுத்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். செலிந்தாவின் ஞானத்தகப்பன் பெலார்மினோ அண்ணன் ஊரெல்லாம் பேசி மிங்காவுக்கு ஆள் சேர்த்துவிட்டார். பன்னிரண்டு ஜோடி எருது வருகிறது. ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும். மேட்டில் இருக்கும் நம் உருளைக்கிழங்கு நிலத்துக்கு இழுக்கிறோம். மிங்காதானே, ஊரே கூலியில்லாமல் கை கொடுக்கிறது. வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடும் ஆப்பிள் சிச்சாக் கள்ளும் போடுவது என் பாடு. ஒரு பன்றியை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஒரு வாரமாவது வர முடியுமா? வீட்டுக்காரன் இல்லாமல் வீடு இழுத்ததை நான் பார்த்ததில்லை. "எங்கடி உன் புருஷன்?" என்று கடைக்கார நார்சிசா அக்கா இப்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஆட்டுக்கு முடி வெட்டப் போயிருக்காரு, வந்ததும் உங்களுக்கும் வெட்டிவிடச் சொல்றேன்" என்றேன். அப்புறம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

இன்னொன்று. போன வருஷம் அடுப்புக்குப் பின்னால் ஒரு தகரம் அடித்தீர்களே, சுவரோடு ஒட்டி அடிக்காமல் நடுவில் சந்து விட்டு, அது தெற்குக் காற்றில் ஊளையிடுகிறது. செலிந்தா அதற்கு நாய்ப் பெயர் வைத்துவிட்டாள். ஏன்தான் அப்படி அடித்தீர்களோ.

உங்கள்
தொமித்திலா


ஆட்டுப்பண்ணை, மகயானஸ்
14 ஜனவரி 1967

என் தோமி,

உன் கடிதம் நேற்றுத்தான் லாரியில் வந்தது. நீ இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறாய். இன்று பதினான்கு. இது உன் கைக்கு வரும்போது வீடு மேட்டில் நிற்கும். அது தெரிந்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேஸ்திரியிடம் போய் லீவு கேட்டேன். "இன்னும் எட்டாயிரம் ஆடு நிக்குதுய்யா. உன் வீடு எங்க ஓடிப்போகுது?" என்றார். ஓடத்தான் போகிறது என்றேன். அவர் வடக்கத்திக்காரர், அவருக்கு அது விளங்கவில்லை. அவர் விட்டாலும் அடுத்த கப்பல் பிப்ரவரியில்தான். பெலார்மினோ அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

சரி, தகரத்துக்கு வருகிறேன். அதை யாரும் தொடக் கூடாது. ஊளையிட்டால் இட்டுவிட்டுப் போகட்டும். உன்னிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே சமையல் கொட்டகை எரிந்தது. அடுப்புக்குப் பின்னால் தகரம் இருந்தது, சுவரோடு ஒட்டி ஆணி அடித்த தகரம், நம் வீட்டில் ஒன்பது வருஷமாக இருந்ததே அதே மாதிரி. தச்சர் எர்க்கோ மிச்சச் சுவரைப் பிரித்துக் காட்டினார். தகரம் பளபளவென்று இருக்கிறது. பின்னால் பலகை முழுக்கக் கரி. நெருப்பே படாமல், வெறும் சூட்டிலேயே வருஷக்கணக்காக உள்ளுக்குள் கருகி வந்திருக்கிறது. அப்படிக் கருகிய மரத்துக்கு நெருப்புப் பிடிக்க முன்னளவு சூடுகூட வேண்டாமாம். எனக்கு நம் வீட்டு ஞாபகம் வந்து சாப்பாடு இறங்கவில்லை.

எர்க்கோ சொன்ன கணக்கு இது. வெறும் பலகைச் சுவர் என்றால் அடுப்பு நான்கு சாண் தள்ளி நிற்க வேண்டும். நம் அடுக்களையில் அதற்கு ஏது இடம்? தகரம் வைத்து, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்று விட்டால் ஒன்றரைச் சாண் போதும். கீழேயும் மேலேயும் திறந்திருக்க வேண்டும். கீழே குளிர்ந்த காற்று நுழையும், சூடாகி மேலே போய்விடும், சுவர் குளிர்ந்தே இருக்கும். அதற்குத்தான் நான்கு மூலையிலும் இரும்புக்குழாய்த் துண்டு வைத்து ஆணி அடித்தேன்.

வீட்டை இழுக்கும்முன் அடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள். திரும்ப வைக்கும்போது ஒன்றரைச் சாண். என் சாண், உன்னுடையது சிறியது.

அன்செல்மோ


லெமுய், மேட்டிலிருந்து!
24 ஜனவரி 1967

அன்செல்மோ,

வீடு வந்துவிட்டது! உங்கள் கடிதம் ஒன்றும் வரவில்லை, நீங்களும் வரவில்லை, வீடு மட்டும் வந்துவிட்டது. அடியில் இரண்டு பெரிய மரத்தைக் கொடுத்து, கதவு ஜன்னலைக் கழற்றி, சங்கிலி கட்டி, பன்னிரண்டு ஜோடியும் ஒரே மூச்சில் இழுத்தபோது வீடு அசைந்து கிளம்பிவிட்டது. நம் படுக்கையறை ஜன்னல் வழியாக மரங்கள் நகர்ந்து போனதை நான் பார்த்தேன்! செலிந்தா வீட்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனாள்.

ஓடைக்கரையில் வீடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சங்கிலி ஒன்று அறுந்து பெலார்மினோ அண்ணன் தோளில் அடித்தது. மனுஷன் உட்காரவில்லை. "அழாதீங்கடா, எருதைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஒற்றைக் கையால் எருதுகளை ஓட்டினார். நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர் அவர்தான். இதைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

அடுப்பை வெளியே எடுக்க நான்கு பேர் தூக்கிப் பார்த்தார்கள், அது அசைந்து கொடுக்கவில்லை. "இத்தனை வருஷம் சோறு போட்டவ, அவள எதுக்கு நடக்க விடணும்? வீட்டோடயே வரட்டும்" என்றார் அண்ணன். நெருப்பை அணைத்துவிட்டுக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். உங்கள் தகரம்தான் இழுக்கும் முன்பே கடகடவென்று ஆடியது, பிய்ந்துவிடும் போலிருந்தது. அண்ணன் வீட்டுக்குப் போய், தன் ஆட்டில் இந்த வருஷம் வெட்டிய முதல் ரோமத்தைக் கொண்டுவந்து, கோணிச்சாக்கில் சுற்றி அந்தச் சந்து முழுக்க அடிவரை அடைத்தார். ஒரு சத்தம் இல்லை! இழுத்து முடித்த பிறகும் அப்படியே விட்டுவிட்டோம். காற்று ஊளையிடுவதும் நின்றுவிட்டது.

ஓடையில் சாய்ந்தபோது அடுப்பு ஒரு சாண் பின்னால் சரிந்திருக்கிறது. தகரத்துக்கும் அதற்கும் நடுவே இப்போது என் கை மட்டும்தான் போகும். அதுவும் நல்லதுதான், மேசையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் புகைக்குழாயை மாட்டி அடுப்பை மூட்டினேன். புது இடத்தில் முதல் புகை மேலே போனதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வீசிக் கத்தினார்கள். இங்கிருந்து படகுத்துறை நன்றாகத் தெரிகிறது. நீங்கள் வரும்போது ஊரில் உங்களை முதலில் பார்க்கப்போவது நான்தான்.

தொமித்திலா


ஆட்டுப்பண்ணை
9 பிப்ரவரி 1967

தோமி,

முதலில் அந்த ரோமத்தை எடு. மீதியைப் பிறகு படி.

எடுத்துவிட்டாயா?

உன் கடிதத்தை எர்க்கோவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். அவர் எழுந்து போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

ரோமம் சட்டென்று எரியாதே என்று அண்ணன் சொல்வார், அது உண்மைதான். ஆனால் அது காற்றை அடைத்துவிட்டது. தகரத்தின் சூடு போக வழியில்லாமல் அப்படியே சுவருக்குப் போகும். அடுப்பும் ஒரு கை தூரத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பலகை ஏற்கனவே ஒன்பது வருஷம் வெந்த பலகை தோமி, நான் அதன் மேலேயேதான் தகரத்தை மாற்றி அடித்தேன். பலகையை மாற்ற எனக்கு அன்றைக்குச் சோம்பல். இதை இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

ஒரு சோதனை சொல்கிறேன். அடுப்பு நன்றாக எரியும்போது பின்னறைக்குப் போய், அடுப்புக்கு நேர் பின்னால் சுவரில் உள்ளங்கையை வை. பரலோக மந்திரத்தை ஆரம்பித்து ஆமென் வரை கையை எடுக்காமல் சொல்ல முடிந்தால் பயமில்லை. முடியவில்லை என்றால் உடனே நெருப்பை அணைத்துவிடு, நான் வரும்வரை நார்சிசா வீட்டில் சமை. என்ன சொல்லுவாளோ சொல்லட்டும்.

கடிதம் வந்து சேரும்வரை என்னால் சும்மா இருக்க முடியாது. பட்டணம் போகும் லாரிக்காரரிடம் தந்திக்குக் கொடுத்திருக்கிறேன். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை சேதி சொல்லும் நேரத்தில் படிப்பார்கள். யாராவது கேட்டுச் சொல்வார்கள்.

பிப்ரவரிக் கப்பலும் போன வாரமே போய்விட்டது, எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடந்து வரும் தூரமாக இருந்தால் நடந்திருப்பேன்.

அன்செல்மோ


லெமுய்
13 பிப்ரவரி 1967

அன்செல்மோ அவர்களுக்கு,

நன்றாகச் செய்தீர்கள். மிக நன்றாகச் செய்தீர்கள்.

நேற்றுப் பூசை முடிந்து ஊரே நார்சிசா கடையில் ரேடியோவைச் சுற்றி நிற்கிறது. யாருக்கோ ஆஸ்பத்திரியில் கால் குணமான சேதி, யாருடைய பசுவோ கன்று போட்ட சேதி, அப்புறம் நாம். "லெமுய் தீவு தொமித்திலா சிகுவாய்க்கு. அடுப்புக்குப் பின்னால் அடைத்ததை உடனே எடு. செய்தது தவறு. அன்செல்மோ." இரண்டு தடவை படித்தார்கள். கடலில் இருக்கும் தீவெல்லாம் கேட்டிருக்கும்.

பெலார்மினோ அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், தோள் இன்னும் ஆறவில்லை. கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். "வீட்டை இழுக்க வராதவன் வானொலியில வர்றானே!" என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

இன்று காலை அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். "தொமித்திலா, நான் உன் வீட்டுக்குக் கெடுதல் பண்ணிட்டேனாம்மா?" என்கிறார்.

"இல்லண்ணே, அவருக்கு அங்க குளிர்ல மூளை உறைஞ்சுபோச்சு. நீங்க உள்ள வாங்க, மாத்தே குடிங்க" என்றேன்.

தோளுக்குச் சூடு இதமாக இருக்கிறதென்று அவர் தினமும் காலையில் வந்து அந்த அடுப்பு மூலையில்தான் உட்காருகிறார். அவர் கண் முன்னாலேயே அந்த ரோமத்தைப் பிடுங்கி வெளியே போடவா? அல்லது அவர் போனபின் பிடுங்கி, மறுநாள் தகரம் ஊளையிடும்போது அவர் முகத்தைப் பார்க்கவா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதமும் வந்தது. நான்கு சாண், ஒன்றரைச் சாண். வராதவருக்கு அளவு சொல்ல மட்டும் வாய் இருக்கிறது.

தொமித்திலா


லெமுய்
23 பிப்ரவரி 1967

அன்செல்மோ,

உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. ரோமத்தை எடுத்துவிட்டேன். அடுப்பையும் முன்னால் நகர்த்தியாயிற்று. நிம்மதியாகத் தூங்குங்கள்.

செலிந்தாவுக்கு முன்பல் விழுந்தது. உங்களிடம் காட்ட வேண்டுமென்று தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நான் அப்படிக் காரமாக எழுதியிருக்கக் கூடாது.

தொமித்திலா


பெலார்மினோ அண்ணன் வீடு
6 மார்ச் 1967

அன்செல்மோ,

நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதுகிறேன். வீடு இல்லை.

சனிக்கிழமை. தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது, மட்டி பொறுக்க ஊரே கரைக்குப் போனது. திரும்பி வந்து ரொட்டி சுடலாம் என்று தெப்பூ விறகை நிறையப் போட்டு மூடிவிட்டு, செலிந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தெப்பூ எவ்வளவு உக்கிரமாக எரியும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சேற்றில் குனிந்திருந்தேன். "அம்மா, நம்ம வீட்ல புகை ஜன்னல் வழியா வருது" என்றாள். ஓடினேன். அந்தச் சேற்றில் கால் வைத்தால் எடுக்க முடியாது. ஓடுகிறேன் ஓடுகிறேன், வீடு அதே தூரத்தில் நிற்கிறது.

எனக்கு முன்னால் அண்ணன் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் தோள் வலியால் கரைக்கு வரவில்லை. தகரத்துக்குப் பின்னாலிருந்து புகை வருவதைப் பார்த்து, நல்ல கையால் தகரத்தைப் பிடுங்கியிருக்கிறார். பின்னால் சுவரே இல்லையாம், சிவப்பாக ஒரு குகை மாதிரி இருந்ததாம். காற்று பட்டதும் கூரைவரை ஏறிவிட்டது. வாளி வாளியாக ஊற்றினோம். ஓடை தூரம். கரையோரமாக இருந்திருந்தால் கடல்நீராவது இருந்திருக்கும். பலகை வீடு, அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. பன்னிரண்டு ஜோடி எருதை ஓட்டிவந்த அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் ரோமத்தை எடுக்கவில்லை. அடுப்பையும் நகர்த்தவில்லை. உங்களிடம் பொய் சொன்னேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை பின்னறைக்குப் போய்ச் சுவரில் கை வைத்தேன். பரலோக மந்திரம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் வரி வந்தபோது கையை எடுத்துவிட்டேன். நான் மெதுவாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அண்ணன் வந்து உட்கார்ந்து, "இன்னைக்குக் கொஞ்சம் தூக்க முடியுது, பாரு" என்று கையைத் தூக்கிக் காட்டினார். இன்னும் இரண்டு வாரத்தில் தோள் ஆறிவிடும், வருவதை நிறுத்திவிடுவார், அப்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம்தானே என்று நினைத்தேன். நீங்கள் அங்கே பயந்துகொண்டிருப்பீர்களே என்று அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அணைந்த பிறகு அண்ணன் சாம்பலுக்குள் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொசுங்கிய ரோமக்கட்டி ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்காகவாம்மா விட்டு வச்ச?"

அவர் கொப்புளித்த கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அறுபது வயது மனுஷன். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று நான் செய்ததுதான் அவரை இந்தக் கதிக்கு ஆளாக்கியது.

அடுப்பு மட்டும் நிலத்தின் நடுவே நிற்கிறது. உங்கள் குழாய்த் துண்டு நான்கையும் சாம்பலில் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

கப்பல் ஏறும் முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியாமல் படகுத்துறையில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

தொமித்திலா


ஆட்டுப்பண்ணை
9 மார்ச் 1967

என் கண்ணே தோமி,

உன் 23ஆம் தேதிக் கடிதம் வந்தது! எர்க்கோவிடம் காட்டினேன், "இன்னைக்காவது சோறு தின்னுய்யா" என்றார். ஒரு மாதமாக நான் இங்கே ஒவ்வொரு சுவராகக் கை வைத்துப் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். பசங்கள் எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று முழு ஆட்டுக்கால் ஒன்றைத் தனியாகத் தின்றேன்.

நீ திட்டியதெல்லாம் நியாயம். அண்ணனை ஊர் முன்னால் அவமானப்படுத்தியது நான்தான். பயத்தில் எனக்குத் தந்தியில் வேறு வார்த்தை வரவில்லை. அவருக்கு ஒரு நல்ல கம்பளிப் போர்வை எடுத்திருக்கிறேன். வந்ததும் முதலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருவேன். அந்த ரோமத்தை எடுக்க உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்காக எடுத்தாய், அதை மறக்க மாட்டேன்.

பழைய பலகையை இந்தத் தடவை கட்டாயம் மாற்றிவிடுகிறேன். செலிந்தாவின் பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்.

ஆட்டு வேலை இந்த வருஷம் சீக்கிரம் முடிந்துவிட்டது, ஏப்ரல்வரை இருக்க வேண்டாம்; நாளை காலை லாரி, பதினான்காம் தேதி கப்பல். இனி இங்கே எழுதாதே, எழுதினாலும் என் கைக்கு வந்து சேராது.

ஒன்று மட்டும் செய். நம் வீடு மேட்டில் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. எத்தனை யோசித்தாலும் அது பழைய இடத்திலேயேதான் எனக்குத் தெரிகிறது. படகு வரும் நேரம் பார்த்து அடுப்பில் பச்சை விறகாக இரண்டு போட்டு வை. துறைக்கு வரும்போதே புகையைப் பார்த்து, அதோ என் வீடு என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

உன்
அன்செல்மோ